பளீல் காக்காவின் செம்பு

துணியில் சுற்றிய காந்தத்தைத் தரைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு, பளீல் காக்கா குந்தியபடியே நகர்கிறார். லேத் மெசினின் அடியில் காலையிலிருந்து உதிர்ந்த சுருள்கள் கலந்து கிடக்கின்றன. காந்தம் போகிற இடமெல்லாம் இரும்புச் சுருள் துள்ளி எழுந்து ஒட்டிக்கொள்கிறது. துணியை உதறி அதைத் தகர டப்பா ஒன்றில் விழுத்துகிறார். எழாமல் தரையிலேயே கிடப்பவை பித்தளையும் செம்பும். பித்தளையைக் கண்ணால் பார்த்து ஒதுக்குகிறார். செம்பை விரல் நுனியால் கூட்டி, ஊதித் தூசு போக்கி, பால்மா வந்த பழைய தகர ரின்னுக்குள் போடுகிறார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்னர் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். அதுவரை யார் வந்து கதவடியில் நின்றாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இறங்கும் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கிறது அவருடைய கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் வளைந்த படகுத் தண்டுகளைப் பார்த்தே ஆட்கள் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். படகு, அரிசி ஆலை, உழவு மெசின் என்று எது உடைந்தாலும் அவர் கைக்கு வரும். இவற்றோடு அவருக்கு வாப்பாவின் காலத்திலிருந்து வந்த இன்னொரு தொழிலும் உண்டு. காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்று வேட்டைத் துவக்கு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு, அந்தத் துவக்கைத் திருத்திக் கொடுப்பதும் அதில் போட்டுச் சுடும் சன்னத்தைச் செய்து கொடுப்பதும். அதற்கான உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மெசினுக்கு நேரே மாட்டியிருக்கிறார்.

அவரைப் பற்றி எழுதவென்று எத்தனையோ நாள் அந்தக் கடையில் இருந்தும், குண்டு என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. “சாமான்” என்பார். “செம்பு” என்பார். புதிதாக வரும் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், “இந்த ஊருல அந்தப் பேர் வேணாம் மனே” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். இரண்டாயிரத்துப் பத்தொன்பது சித்திரையில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து, அதன் தேடுதல் சாய்ந்தமருதுக்கும் வந்த பிறகு அவர் கடை பல மாதங்கள் பூட்டிக் கிடந்தது. விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். மறுபடி கடை திறந்த அன்று, துவக்கு வேலையே இனி வேண்டாம் என்று மனைவி ஸாலிஹா மன்றாடினார். “இந்த வருசம் வயல் வட்டைக்கு வராத எண்டு பண்டிக்கு ஆரு போய்ச் சொல்லுற?” என்று மட்டும் கேட்டுவிட்டு மெசினுக்கு எண்ணெய் விட்டாராம்.

அறுபதை நெருங்கிய மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியின் இடது காது உடைந்து, அதற்குப் பதிலாகத் தூண்டில் நரம்பு கட்டியிருக்கிறார். வலது பெருவிரல் எதிலோ நசுங்கிச் சப்பையாகிப் போனது. அந்த விரலால்தான் எதையும் தடவிப் பார்ப்பார். செம்புத் துண்டு ஒன்று கைக்கு வந்தால் சீமெந்துத் தரையில் போட்டு, சத்தம் கேட்டபின்தான் பேசுவார். மெசின் ஓடும்போது பேச்சுக் கொடுத்தால் பிடிக்காது. “மெசின் கதைக்கக்குள்ள மனுசன் கதைக்கப்படா.”

முன்பு அவர் வார்த்தது ஈயம். வலையில் கட்டும் ஈயக்கட்டிக்குச் சாய்ந்தமருதில் பஞ்சமில்லை. உருக்கினால் தண்ணீர்போல் ஓடும், அச்சில் ஊற்றினால் சாமான் ஆயிற்று. வரிப்பத்தான்சேனை, இறக்காமம் பக்கமிருந்து விவசாயிகள் வருவார்கள். கதிர் பால் கட்டும் காலத்தில் பன்றிக் கூட்டம் இறங்கினால், விடியும்போது வயல் உழுது போட்டதுபோல் கிடக்கும். முஸ்லிம் விவசாயிகள் பன்றியைச் சுட்டால் தொடுவதில்லை. அயல் ஊர்த் தமிழருக்கோ சிங்களவருக்கோ சொல்லி அனுப்புவார்கள். அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். தமிழ் விவசாயிகள் தாங்களே சுட்டுத் தங்கள் தெருவுக்குப் பங்கு வைப்பார்கள். அப்படி வந்து போகிறவர்களில் தம்பிலுவில் கேதீஸ்வரனும் ஒருவர். வேலை முடிந்த பிறகும் போகாமல் இருந்து, அரசியலும் மழையும் பேசிவிட்டுப் போகிற அளவுக்குப் பழக்கம்.

கொரோனா முடிந்து பஸ் ஓடத் தொடங்கிய காலம். ஒருநாள் கேதீஸ்வரன் துவக்கில்லாமல் வந்தார். கையில் பெரிய மண்ணிற உறை. அதிலிருந்து எக்ஸ்றே படமொன்றை எடுத்துக் கதவு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சின்னப் பிள்ளையின் வயிறு. விலா எலும்புகளுக்குக் கீழே, எலும்பே இருக்கக் கூடாத இடத்தில், உப்புத் தெளித்ததுபோல் வெள்ளைப் பொட்டுகள்.

“ஆர்ர படம்?” என்று பளீல் காக்கா கேட்டார்.

“யதுர்ஷினிட. என்ட மூத்த மகள். வயித்துக்குத்து எண்டு கொண்டு போன. இது ஈயமாம் காக்கா. ரெத்தத்திலயும் கூடக் கிடக்காம். சுவர்ப் பெயின்ற சுரண்டித் திண்டாளா, வீட்ட பழைய பெற்றரி கிடக்கா எண்டு டொக்டர் கேட்டார். ஒண்டுமில்ல. பிறகு, என்ன சாப்பாடு குடுக்கிறீங்க எண்டு கேட்டார்.” கேதீஸ்வரன் படத்தை இறக்கினார். “காயவச்ச பண்டி வத்தல் எண்டா அவளுக்கு உசிர். நாந்தான் கிள்ளிக் கிள்ளி ஊட்டுவன்.”

எலும்பில் பட்டால் ஈயம் நொறுங்கும் என்பது பளீல் காக்காவுக்குத் தெரியும். அது நல்ல குணமென்றே நினைத்திருந்தார். நொறுங்கினால் மிருகம் கிடந்து துடிக்காமல் விழும். நொறுங்கிய பொடி எங்கே போகிறது என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை. அந்த இறைச்சி அவர் வீட்டு அடுப்படிக்கு ஒருநாளும் வரப்போவதில்லை.

“உங்கள்ல பிழை சொல்ல வரல்ல காக்கா. வாற ஆக்களுக்கு ஒரு சொல் சொல்லி விடுங்க எண்டு கேக்கத்தான் வந்த” என்றார் கேதீஸ்வரன்.

பளீல் காக்கா படத்தை வாங்கி, வாசலுக்குப் போய், வெயிலில் பிடித்துப் பார்த்தபடி நின்றாராம். மறுநாள் ஈயம் உருக்கும் சட்டியை வலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, சன்னம் வார்க்கும் அச்சைக் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து உடைத்தார். வாப்பாவின் அச்சு அது. உடைக்கும்போது அவர் அழுததாக ஸாலிஹா சொல்கிறார். புகை கண்ணில் பட்டதாக அவர் சொல்கிறார். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

முதலில் வந்து சண்டை பிடித்தவர் அப்துல் ஸமட் போடியார். வரிப்பத்தான்சேனையில் அவருக்குப் பரந்த நெற்காணி. அவர் அனுப்பிய ஆளை வெறுங்கையோடு திருப்பி விட்டதால் தாமே வந்துவிட்டார்.

“என்னகா பளீல், ஈயம் இல்ல எண்டயாம்?”

“ஓம் போடியார். இனி வாக்கிறல்ல.”

“ஆரோ தம்பிலுவில்ல ஒரு புள்ளைக்கு வருத்தமாம். அதுக்கு நாம என்ன செய்யிற? அது நாம தின்னுற சாமானா? தின்னுறவன்ட பாடு அது.”

பளீல் காக்கா மெசினை நிறுத்தினார். அவர் ஓடுகிற மெசினைப் பாதியில் நிறுத்தி நான் கண்டதில்லை என்பதால், இந்த இடத்தை அப்போது அங்கே நின்ற பக்கத்துக் கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதுகிறேன்.

“நாம தின்னாததாலதான் போடியார் எனக்குப் பயமாரிக்கு. நம்மட புள்ள தின்னுறதெண்டா எப்பயோ கிண்டிப் பாத்திருப்பம். நாளைக்கு மறுமையில அந்தப் புள்ள வந்து என்ட சட்டையப் புடிச்சா நான் என்ன சொல்லுற? உன்ட கறி எனக்கு ஹறாம், அதால நான் பாக்கல்ல எண்டா?”

“வெள்ளாமைய பண்டி திண்டா நீ நெல்லுத் தருவியா?”

கேட்ட கையோடு போடியார் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

நொறுங்காத உலோகம் செம்பு என்று பளீல் காக்காவுக்குத் தெரியும். வெளிநாட்டில் முழுச் செம்பிலேயே செய்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் இறக்குமதிச் சாமானை இங்கே ஒரு விவசாயி கனவிலும் வாங்க முடியாது. கேட்க வேண்டிய இடங்களில் கேட்டு அனுமதி பெற்றுக்கொண்டு, தாமே செய்யத் தொடங்கினார். ஈயம்போல் ஊற்றிவிட்டுப் போகிற வேலையில்லை. ஒவ்வொன்றாக மெசினில் கடைய வேண்டும். முதலில் செய்தவை பார்க்க நகைபோல் இருந்தன. கேதீஸ்வரன்தான் முதலாவதாக வாங்கிப் போனார்.

அந்த முதலாவது பிழையாகிப் போனது. செம்பு கடினமானது, பன்றியின் உடம்பில் ஊசிபோல் நுழைந்து மறுபக்கத்தால் போய்விட்டது. பன்றி விழவில்லை. விழுந்திருக்கும் என்று நம்பிக் கேதீஸ்வரன் வரம்பில் ஏறிப் போக, பற்றைக்குள் நின்ற பன்றி திரும்பிப் பாய்ந்து அவர் தொடையைக் கிழித்துவிட்டது. வயலில் நின்றவர்கள் சாக்கில் தூக்கி வாகனத்தில் ஏற்றினார்கள்.

பளீல் காக்கா ஆஸ்பத்திரிக்குப் போனபோது கேதீஸ்வரன் மயக்கத்தில் கிடந்தார். வார்டு வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். அவர் சத்தம் போடவில்லை.

“முதல்ல புள்ள. இப்ப புருசன். இன்னும் ஆர் காக்கா மிச்சம்?”

அந்தக் கேள்வியைச் சொல்லும்போது இன்றைக்கும் பளீல் காக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். கொண்டுபோன தோடம்பழப் பையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல், அதைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தாராம்.

அடுத்த ஜும்ஆவில் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது போடியார் நாலு பேர் கேட்கச் சொன்னார்: “செம்பால பண்டிக்குக் காது குத்தினயாம் பளீல்?” ஆட்கள் சிரித்தார்கள். ஒரு முழுப் போகம் அவர் எந்தச் சாமானும் செய்யவில்லை. படகுத் தண்டை மட்டும் கடைந்தார். அவரிடம் வந்துகொண்டிருந்த விவசாயிகள் எங்கெங்கோ போய் ஈயமே வாங்கினார்கள். பன்றி பன்றியாகவே இருந்தது.

துவக்கு வேலை வேண்டாமென்று மன்றாடிய ஸாலிஹாதான் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டு சொன்னாராம்: “நீங்க கைய மடக்கிட்டு இருந்தாப்போல அந்தப் புள்ளைகள்ட வாய்க்கு ஈயம் போகாம நிக்குமா?” அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாராம். ஆயினும் அவரை எழுப்பியது ஸாலிஹாவின் கேள்வி இல்லை. கேதீஸ்வரன் தடி ஊன்றிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார்.

“காக்கா, திரும்பச் செய்ங்க.”

“என்னால உன்ட கால் போச்சு தம்பி.”

“கால் போகல்ல, நொண்டுது, அவ்வளவுதான். புள்ளைட ரெத்தத்தில இப்ப குறைஞ்சு வருதாம். நான் இனி ஈயம் தொடமாட்டன். நீங்க செய்யாட்டி நான் வயலக் காட்டுக்கு விட்டுட்டு இருக்கணும். ஒருக்காப் பிழைச்சா மறுக்காச் செய்யப்படாதா?”

பளீல் காக்கா அன்றைக்கே மெசினை மூடியிருந்த சாக்கைக் கழற்றினார். இம்முறை அவசரப்படவில்லை. ஈரக் களிமண்ணைக் குவித்து, கேதீஸ்வரனிடம் அதற்குள் சுடச் சொல்லி, தோண்டி எடுத்து, சப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். சன்னத்தின் முகப்பு வடிவத்தை மாற்றினார். செம்பைப் பதமாக்கும் முறையை மாற்றினார். மறுபடியும் சுடச் சொன்னார். ஊசிபோல் போகாமல், பட்ட இடத்தில் முன்முகம் பூவாக விரிந்து, ஆனால் ஓர் இதழும் உடையாமல் நிற்கும்வரை எவருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் தாடி வெட்டவும் மறந்து திரிந்தார் என்கிறார் ஸாலிஹா.

அது எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம். செம்பு விலை தொட முடியாத உயரத்துக்குப் போயிற்று. ஏழை விவசாயிக்கு எட்டாத சாமானைச் செய்து என்ன பயன் என்று யோசித்து, ஓர் ஏற்பாடு செய்தார். எரிந்துபோன மோட்டரின் கம்பி, பழைய குளிர்சாதனப் பெட்டியின் குழாய், ஓட்டை விழுந்த செம்புப் பாத்திரம், எது கிடந்தாலும் விவசாயிகள் கொண்டுவரலாம். கொண்டுவந்த செம்பின் நிறைக்குச் சாமான். கடையும் கூலி மட்டும் அவருக்கு. உதிரும் சுருளும் வீண் போகாது, மறுபடி செம்பு உருக்கும் சட்டிக்குப் போகும். அதனால்தான் அந்தக் காந்தமும் பால்மா ரின்னும். இப்போது அவருடைய செம்பு, ஈயத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

அந்த வருடங்களில் கம்பித் திருட்டும் பெருகியிருந்தது. இளைஞர்கள் இருவர் சுருட்டிய செம்புக் கம்பியை மூட்டையாகக் கொண்டுவந்து மலிவாகத் தருகிறோம் என்றார்கள். பளீல் காக்கா ஒரு முனையை எடுத்து மோந்து பார்த்தார். கருகிய உறையின் நாற்றம். “இது ஆர்ர வீட்டு வெளிச்சம் மனே?” என்று கேட்டார். அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மாதம் அவரிடம் செம்பே இல்லாமல், வந்த விவசாயிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

அட்டாளைச்சேனையில் லேத் வைத்திருக்கும் ஸிராஜ் என்பவருக்கும் உரிமம் உண்டு. அவர் வந்து கேட்டபோது அளவு, வடிவம், பதம் எல்லாவற்றையும் பளீல் காக்கா காட்டிக் கொடுத்துவிட்டார். உங்கள் வாடிக்கை அங்கே போய்விடாதா என்று நான் கேட்டேன். “போகட்டுமே. நான் மவுத்தாகிக் கண்ண மூடினா பண்டியும் மவுத்தாப் போகுமா?” என்றார். ஸிராஜிடம் இப்போது தெற்குப் பக்கத்து விவசாயிகள் போகிறார்கள். போடியார் மட்டும் இன்னும் எங்கிருந்தோ ஈயம் எடுப்பிக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் பள்ளிவாசலில் ஒரே ஸஃப் வரிசையில் நிற்பதுண்டு. ஸலாம் சொல்கிறார்கள், சுகம் விசாரிக்கிறார்கள். ஈயத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

சென்ற மாசியில், அறுவடைக்கு முன்னர், கேதீஸ்வரன் தொலைபேசியில் கூப்பிட்டார். விடியற்காலை தம் வயலில் ஒரு பன்றி விழுந்திருப்பதாகவும், நின்ற இடத்திலேயே விழுந்ததாகவும், செம்பு உள்ளேயே நின்றுவிட்டதால் எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். பளீல் காக்காவின் மோட்டார் சைக்கிளில் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் எங்கும் நிறுத்தாமல் தம்பிலுவில் போய்ச் சேர்ந்தோம்.

வளவின் பின்பக்கம், மர நிழலில், தெருக்காரர்கள் இறைச்சியைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். பளீல் காக்கா அந்தப் பக்கம் போகாமல் கிணற்றடியில் நின்றார். கேதீஸ்வரனின் மனைவி செவ்விளநீர் ஒன்றைச் சீவிக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிறகு இருவரும் நேரே பார்த்துக்கொண்டது அன்றுதான் என்று பின்னர் அறிந்தேன்.

“குடியுங்க காக்கா. வெயிலுக்க வந்திருக்கீங்க.”

அவர் குந்தியிருந்து, மூன்று மிடறாகக் குடித்து முடித்தார்.

கேதீஸ்வரன் நொண்டியபடி வந்தார். கையில் ஒரு தேக்கிலை; அதன் மேல், இறைச்சிக்குள்ளிருந்து எடுத்த செம்பு. இரத்தமும் கொழுப்பும் அதில் ஒட்டியிருந்தன.

“கழுவித் தாறன் காக்கா. பொறுங்க.”

“வேணாம். கழுவினா எது போச்சு எது இருந்த எண்டு தெரியாது.”

“நீங்க தொடப்படாதே. குறட்டால பிடிச்சுக் காட்டுறன்.”

“குறட்டுக்குத் தெரியுமா தம்பி?” என்று சொல்லி, பளீல் காக்கா வெறும் கையை நீட்டினார். கேதீஸ்வரன் தயங்கினார். கை நீட்டியபடியே இருந்தது. இலையைச் சரித்து அதை அவர் உள்ளங்கையில் விழுத்தினார்.

பெருவிரல் ஒவ்வோர் இதழாகப் போயிற்று. நுனியில் நின்றது, ஓரத்தில் இறங்கியது, அடுத்ததற்குப் போயிற்று. மர நிழலில் கத்திச் சத்தமும் நின்றிருந்தது.

“முழுசா இரிக்கு” என்றார். “ஒண்டும் உடையல்ல. புள்ளைக்குக் குடுக்கலாம்.”

பிறகு அதை இலையிலேயே வைத்துவிட்டுக் கிணற்று வாளிக்குப் பக்கத்தில் குந்தினார். மார்க்கப்படி, பன்றியின் ஈரம் பட்ட கையை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. அவர் நிலத்தில் ஈர மண்ணைக் கிள்ளி எடுக்க, கேதீஸ்வரன் வாளியில் தண்ணீர் அள்ளினார். யதுர்ஷினி ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். வளர்ந்துவிட்டாள். இரத்தத்தில் ஈயம் இறங்கிவிட்டது. ஆனால் அது மூளையில் தின்றது எல்லாம் திரும்பி வருமென்று டொக்டர் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறாள்.

“எத்தின தரம் மாமா?”

“ஏழு தரம், கிளி.”

“நான் எண்ணுறன்.”

“ஓம், நீ எண்ணு. நீ சொன்னாத்தான் அடுத்தது.”

மண்ணைக் குழைத்துக் கையில் பூசினார். கேதீஸ்வரன் தண்ணீரைச் சரித்தார். “ஒண்டு” என்றாள். தண்ணீர் விழுந்தது. “ரெண்டு. மூண்டு.” கொஞ்சம் பொறுத்து, “நாலு.” அதன் பிறகு வாய் திறந்தபடி நின்றுவிட்டாள். அவள் கண்கள் வாளியிலும், தகப்பனிலும், மரத்திலும் போய்த் தேடின. கேதீஸ்வரன் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தார். பளீல் காக்கா இடது கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். தண்ணீர் சொட்டும் வலது கையை நீட்டிப் பிடித்தபடி, அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அசையாமல் குந்தியிருந்தார்.